பரணில் இருந்த தோட்டாப் பெட்டி

எங்கள் ஊர் ஒடுகத்தூரைத் தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு தை முடிந்த கையோடு பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தோம். பரணைக் காலி செய்யும் வேலை எனக்கு. உடைந்த மரக்கால், உமி மூட்டை, யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கிய ஜமக்காளம், இதற்கெல்லாம் பின்னால் ஒரு தேக்குப் பெட்டி கிடந்தது. பூட்டு இல்லை, கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மூடியைத் தூக்கியதும் எண்ணெயும் தோலும் கந்தகமும் கலந்த ஒரு வாடை வந்தது. கீழே நின்றிருந்த அம்மா, "அது உங்க தாத்தா வாடைடா" என்றார்.

தாத்தாவிடம் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. உரிமத்தோடு வைத்திருந்தார். மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றி மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையை ஒரே ராத்திரியில் உழுது போட்டுவிடும். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்து விரட்டுவதோடு சரி என்பார் பெரியப்பா. தாத்தா இறந்ததும் அப்பா துப்பாக்கியை முறையாக ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டார். அதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்தோம். பெட்டியை யாரும் நினைக்கவில்லை.

உள்ளே இருந்தவை தோட்டாவை மறுபடி நிரப்பும் கருவிகளும் துப்பாக்கி துடைக்கும் சாமான்களும். மேஜை விளிம்பில் திருகி மாட்டி, தோட்டாவின் வாயை மடித்து மூடும் கைப்பிடி மெஷின் ஒன்று. வெடிமருந்தும் ரவையும் (தோட்டாவுக்குள் போடும் ஈயக் குண்டுகள்) அளக்கும் பித்தளைக் குவளை. தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடிக்குக் கேப்பு என்று பெயர்; சுட்ட கேப்பைக் கழற்றவும் புதுக் கேப்பைப் பொருத்தவும் ஒரு கருவி. மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைக்கும் தக்கையை வெட்டும் வட்ட உளி. மூன்று துண்டாகக் கழலும் துடைப்புக் கம்பி, அதன் முனையில் திருகுவதற்குக் கம்பளிக் குஞ்சம், வெண்கலக் கம்பி பிரஷ். சதுரமான சின்ன எண்ணெய்க் குப்பி. தோட்டா செருகும் தோல் பெல்ட். பெல்ட்டில் 9 தோட்டாக்கள், 5 காகிதம், 4 பித்தளை. அப்புறம் ஒரு தகர டப்பாவில் கேப்புகள், இன்னொன்றில் கட்டிதட்டிப் போன கருமருந்து ஒரு பிடி.

கடைசியாகச் சொன்ன மூன்றையும் நான் தொடவில்லை. இப்படி ஒரு பெட்டி உங்கள் வீட்டில் கிடைத்தால் நீங்களும் தொடாதீர்கள். பழைய கேப்பு அடியோ அழுத்தமோ பட்டால் வெடித்துவிடும். கருமருந்து எத்தனை வருஷம் ஆனாலும் காய்ந்திருந்தால் பற்றும். பெட்டியை அப்படியே திண்ணை அறையில் வைத்து, அடுப்பும் சிகரெட்டும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டோம்.

பைக்கில் வைத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம் என்றான் தம்பி. நல்லவேளையாக முதலில் ஒரு வக்கீலைக் கேட்டோம். படைக்கலச் சட்டம் 1959-இன் 3ஆம் பிரிவுப்படி தோட்டா வைத்திருக்கவே உரிமம் வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போவது இன்னும் சிக்கல், இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், எழுத்தில் தெரிவியுங்கள் என்றார். கருவிகளைப் பற்றியும் ஒன்று சொன்னார். தோட்டா செய்யும் இயந்திரங்களும் தோட்டாவின் உதிரிகளும் 2ஆம் பிரிவில் உள்ள "தோட்டா" என்ற வரையறைக்குள்ளேயே வந்துவிடும். 45ஆம் பிரிவில், மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு உதிரிகளுக்கும், பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதங்களுக்கும் விலக்கு இருக்கிறது. "அதனால எதையும் மறைக்காதீங்க. துருப்பிடிச்ச ஆணி இருந்தாலும் பட்டியல்ல எழுதுங்க" என்றார். இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த மிக உருப்படியான யோசனை அதுதான்.

மனு ஒரு பக்கம்தான். பெட்டி எப்போது, எங்கே கிடைத்தது, தாத்தாவின் பழைய உரிம எண், துப்பாக்கியை ஒப்படைத்த ரசீதின் நகல், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பொருள்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. தோட்டாக்களை ஒப்படைக்க விரும்புகிறோம், கருவிகளைக் குடும்ப நினைவாகவும் சேகரிப்பாகவும் மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறோம் என்று தெளிவாக எழுதினேன். உரிமத்தைப் பொறுத்தவரை மாவட்ட ஆட்சியர்தான் அதிகாரி என்பதால் சத்துவாச்சாரியில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் பதிவுத் தபாலில் போனது.

மனு எழுதுவதைவிடச் சான்றிதழ்களுக்குத்தான் நாள் பிடித்தது. உரிமத்தில் தாத்தாவின் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து, இறப்புச் சான்றிதழில் ஒரே எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்க ஓர் அலுவலகத்துக்கு நான்கு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் வேறு ஒரு தாள் கேட்டார்கள். முதல் நாளே எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் மூன்று நாள் கூலி மிச்சம். என் அனுபவத்தில் சொல்கிறேன், கிளம்புவதற்கு முன் எல்லாத் தாளிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு, மனு பதிவானதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து எஸ்.ஐ.யும் ஒரு ஏட்டும் வீட்டுக்கே வந்தார்கள். வி.ஏ.ஓ.வும் கூட இருந்தார். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கருவிகள் எது எதற்கு என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். எஸ்.ஐ. பொறுமையாகக் கேட்டார். பெட்டியின் அடியில் துணியில் சுருட்டி வைத்திருந்த இரண்டு பளபளப்பான உருளைகளை எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"தம்பி, 9ன்னு எழுதியிருக்கீங்க. இது 11 ஆகுதே?"

அவை தோட்டா இல்லை, ஸ்நாப் கேப். பார்க்க அசல் 12 போர் தோட்டா மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே மருந்து கிடையாது. கேப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு பொத்தான். வெறும் துப்பாக்கியின் விசையை இழுத்தால் சுத்தியல் ஊசி காற்றில் அடித்து உடையலாம் என்பதால், இதை உள்ளே போட்டு விசையை இழுத்து, துப்பாக்கியின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைப்பார்கள். என் பட்டியலில் "உலோக உருளை 2" என்று எழுதியிருந்தேன். அது போதாது என்று அப்போதுதான் புரிந்தது. பொத்தானை விரலால் அழுத்தச் சொன்னேன். அது உள்ளே போய் வெளியே வந்தது. எஸ்.ஐ. இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு ஏட்டிடம் கொடுத்தார். மகஜரில், அதாவது பொருள்களைப் பார்த்து அங்கேயே எழுதும் போலீஸ் பதிவில், "பயிற்சிக்கான போலித் தோட்டா, மருந்து இல்லாதது" என்று எழுதினார்கள். தோட்டாவும் கேப்பும் மருந்தும் அவர்களோடு போயின. கருவிகள் வீட்டிலேயே இருக்கலாம், விற்பதோ யாருக்காவது தருவதோ என்றால் முதலில் தெரிவிக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். மகஜர் நகல் ஒன்றும் கொடுத்தார்கள். அது இப்போது பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகுதான் சுத்தம் செய்யும் வேலை. இதில் ஒரு தவறு நடந்தது. நான் வேலூர் போயிருந்த நாளில் அம்மா அளவுக் குவளையை எடுத்து, குத்துவிளக்குக்குச் செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். தகதகவென்று இருந்தது. ஆனால் வெளியே இருந்த பழுப்பு நிறம் முழுக்கப் போய், சில இடங்களில் செம்பு தெரிகிற மாதிரி ரோஸ் நிறம் வந்திருந்தது. புளியின் அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை அரித்தால் அப்படித்தான் ஆகும். அளவுக் கோடுகளின் விளிம்பும் மழுங்கிவிட்டது. அம்மாவுக்கு அது பக்தியோடு செய்த வேலை, நான் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற பித்தளைச் சாமான்களைப் பழைய வேட்டித் துணியால் துடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். எழுத்துக்குள் அடைந்த அழுக்கை மூங்கில் குச்சியால் கிளறினேன். இரும்பில் இருந்த துருவுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டுத் துணியால் தேய்த்தேன். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். உலோகத்தின் மேல்தோல் ஒருமுறை போனால் வராது.

தோல் பெல்ட்தான் எனக்குப் பாடம் நடத்தியது. நம் வட்டாரத்தில் ஆவாரம் பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல் பேர்போனது. பெல்ட்டும் அந்த மாதிரித் தோல்தான் என்கிறார் பெரியப்பா. ஆனால் தோலில் இருக்கும் அமிலமும் ஈரமும் பித்தளையைச் சும்மா விடாது. பித்தளைத் தோட்டாக்கள் செருகியிருந்த இடமெல்லாம் பச்சையாகக் களிம்பு ஏறி, தோலோடு ஒட்டிப்போயிருந்தது. இப்போது பித்தளை தனி டப்பா, தோல் தனி டப்பா. ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் மச்சான் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் ஒரு பை நிறையக் கொடுத்தார். ஐப்பசி மழையில் ஒரு புள்ளி துரு வரவில்லை.

துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கைப்பிடி மெஷினில் எழுத்து தெரிந்தது: ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு. இங்கிலாந்தில் வெள்ளீயக்கலவைப் பாத்திரமும் வெள்ளி முலாம் சாமானும் துப்பாக்கி மருந்துக் குடுவையும் செய்த கம்பெனி. தொடங்கிய ஆண்டு 1806. வேலூர்க்காரனுக்கு 1806 என்றால் ஜூலை 10, கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த ராத்திரிதான். அந்த ஆண்டில் ஷெஃபீல்டில் தொடங்கிய கம்பெனியின் கருவி, எந்தக் கை மாறி எங்கள் பரணுக்கு வந்ததோ.

அளவுக் குவளை இருபக்கக் குவளை. ஒரு பக்கம் மருந்துக்கு, டிராம் கணக்கு. மறுபக்கம் ரவைக்கு, அவுன்ஸ் கணக்கு. 16 டிராம் சேர்ந்தால் ஒரு அவுன்ஸ். 12 போர் என்ற பெயரே இந்தப் பழைய நிறுவைக் கணக்கில் வந்ததுதான்: ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் உள்விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். எண்ணெய்க் குப்பியின் மூடிக்கு அடியில் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது, ஒரே ஒரு சொட்டு எடுத்து விசையில் விட. அதில் இருந்தது ரங்கூன் எண்ணெய் என்று பெரியப்பா நினைவு வைத்திருக்கிறார். துப்பாக்கிக்காரர்கள் ஒரு காலத்தில் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். ஆனால் தாத்தா எண்ணெய்க்கு முன் வெந்நீர் ஊற்றுவாராம். குழலைக் கழற்றி, சாய்த்து வைத்து, செம்பு செம்பாக. காரணம் இருக்கிறது. பழைய கேப்புகள் வெடித்தால் குழலுக்குள் ஒரு வகை உப்பு படியும், அது ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். தாத்தா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை.

கேப்பு பொருத்தும் கருவியின் மரப்பிடி அசல் இல்லை, உள்ளூர்க் கடைசல் பட்டறையில் கடைந்து போட்டது. சேகரிப்பவர்கள் இதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். எனக்கு அந்தப் பெட்டியில் மிகவும் பிடித்தது அந்தப் பிடிதான். கட்டைவிரல் படுகிற இடம் லேசாகக் குழிந்திருக்கிறது.

இன்னொன்றும் கிடைத்தது. தக்கை உளியின் குழாய்க்குள் ஏதோ அடைத்திருந்தது. குச்சியால் தள்ளியபோது ஒரு வட்ட அட்டை விழுந்தது, எட்டணாக் காசைவிடச் சின்னது. ஓரத்தில் மஞ்சள், நடுவில் சிவப்பு எழுத்து: "முகூர்". யாருடைய கல்யாணப் பத்திரிகையையோ தாத்தா தக்கைக்கு வெட்டியிருக்கிறார்.

இந்தப் பெட்டிக்குப் பிறகு எனக்கு இதில் பிடிப்பு வந்துவிட்டது. வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஒரு காயலான் கடையில் பித்தளை வால்வுகளுக்கு நடுவே ஒரு தோட்டா இழுப்பான் கிடைத்தது. மழைக்காலத்தில் காகிதத் தோட்டா ஊறிக் குழலுக்குள் சிக்கினால் விளிம்பைப் பிடித்து இழுக்கும் வளையம். கடைக்காரர் தராசில் போட்டுப் பித்தளை விலைக்கே கொடுத்தார். அதற்கும் ஒரு பில் எழுதி வாங்கினேன். என்ன பொருள் என்று பில்லில் எழுதச் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார், அப்புறம் எழுதினார். எது வாங்கினாலும் பில், போட்டோ, தேதி மூன்றையும் ஒரு நோட்டில் சேர்த்துவிடுகிறேன். தோட்டாவோ கேப்போ கூட வருகிற பெட்டி என்றால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கை வைப்பதில்லை.

போன கார்த்திகையில் பெரியப்பா வந்திருந்தார். வயது 78. கைப்பிடி மெஷினை மேஜையில் மாட்டி வைத்திருந்தேன். பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் தாத்தா மருந்து அளக்கும் இடத்துக்குப் பையன்களை விடமாட்டாராம், கடைசியில் கைப்பிடி சுற்றும்போது மட்டும் கூப்பிடுவாராம். மேஜை மேல் கிடந்த தினசரி காலண்டர் அட்டையைக் கிழித்து, விரலில் சுருட்டி, பசை தடவி ஒரு வெற்றுக் குழாய் செய்தார். காய்ந்ததும் மெஷினில் வைத்தார். இடது கையால் நெம்புகோலை மெதுவாகத் தள்ளிக்கொண்டே வலது கையால் சுற்றினார். அட்டையின் வாய் உள்பக்கமாகச் சுருண்டு, ஒரு வளையம் மாதிரி மடிந்து உட்கார்ந்தது. எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"தள்ளுற கை அவசரப்படக்கூடாதுன்னு சொல்லுவாரு" என்று சொல்லி, அடுத்த அட்டையைச் சுருட்ட ஆரம்பித்தார்.