பாலித்தீனும் கிராஃபைட்டும்: 14 மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் நியூட்ரான்–புரோட்டான் சிதறலை அளந்த விதம்

டியூட்ரியம்–டிரிடியம் ஜெனரேட்டரிலிருந்து (ஹைட்ரஜனின் இரு கன ஐசோடோப்புகளை மோதவிட்டு நியூட்ரான் எடுக்கும் கருவி) வரும் 14 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான் புரோட்டானில் பட்டுச் சிதறும் குறுக்குவெட்டு, அதாவது சிதறும் வாய்ப்பைப் பரப்பாகச் சொல்லும் எண், ஏறத்தாழ 0.69 பார்ன் (ஒரு பார்ன் என்பது 10⁻²⁴ சதுர செ.மீ). அதை ஒரு சதவீதப் பிழைக்குள் அளக்க வேண்டும். வேறு பல நியூட்ரான் வினைகளை இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் அளக்கிறார்கள் என்பதால், இங்கே விழும் பிழை அங்கெல்லாம் போய்ச் சேரும்.

மாதிரியைக் குறுக்கே வைத்து, கடந்து வரும் நியூட்ரான்களை எண்ணுகிறோம். ஹைட்ரஜனின் அணுக்கரு ஒரு புரோட்டான்தான், அந்த ஹைட்ரஜனுக்காகப் பாலித்தீன் உருளை. அதிலுள்ள கார்பனை ஈடுகட்ட, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அதே எண்ணிக்கையில் கார்பன் அணுக்கள் கொண்ட கிராஃபைட் உருளை. 0.94 அடர்த்தியுள்ள பாலித்தீன் 8 செ.மீ என்றால், 1.7 அடர்த்தியுள்ள கிராஃபைட் சுமார் 3.8 செ.மீ. இரண்டு எண்ணிக்கைகளையும் வகுத்தால் கார்பனும் டிடெக்டரின் திறனும் அடிபட்டுப் போகும். அடிபடாமல் மிஞ்சுபவற்றைத் துரத்திப் பிடிப்பதுதான் மொத்த வேலையும்.

தடிமனைத் தொடக்கத்திலேயே யோசித்துவிடுங்கள். 4 செ.மீ பாலித்தீனில் ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால் இரு மாதிரிக்கும் தலா 4 லட்சம் எண்ணிக்கை தேவை. 8 செ.மீ என்றால் தலா ஒரு லட்சம் போதும்.

நிறமி கலக்காத பாலித்தீனை வாங்கி, கடைந்து, எடை போட்டு, எடையைப் பரப்பால் வகுக்க வேண்டும். அட்டவணை அடர்த்தியை நம்பக் கூடாது. 30 மி.மீ விட்டத்தில் 0.02 மி.மீ தவறினால் பரப்பு 0.13 சதவீதம் தவறும். கிராஃபைட்டில் நுண்துளைகள் உண்டு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த நீரின் ஹைட்ரஜன் கிராஃபைட் எண்ணிக்கையைக் குறைத்து, விடையையும் குறைத்துவிடும். அடுப்பில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைப்பது நல்லது.

மூலத்திலிருந்து டிடெக்டர் 2 மீட்டரில், மாதிரி சரியாக நடுவில். மாதிரியில் சிதறியும் டிடெக்டருக்குள் வந்துவிடும் நியூட்ரான்கள் (உள்சிதறல்) அந்த இடத்தில்தான் மிகக் குறைவு. 50 மி.மீ டிடெக்டரை 5 மி.மீ மூலப்புள்ளியிலிருந்து மறைக்க நடுவில் 27.5 மி.மீ விட்டம் வேண்டும், 30 மி.மீ உருளை என்றால் பக்கத்துக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் மிச்சம். உருளையை இடமும் வலமும் நகர்த்தி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைந்திருக்கும் பகுதியின் நடுவில் அது நிற்க வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது பின்னணி. சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் நியூட்ரான்கள் மாதிரியைத் தொடாமலே வந்து சேரும். மாதிரி இல்லாதபோதைய எண்ணிக்கையில் 3 சதவீதம் பின்னணி இருந்து, அதைக் கழிக்காமல் விட்டால் குறுக்குவெட்டு 5 சதவீதத்துக்கு மேல் குறைந்து வரும். 40 செ.மீ எஃகும் 10 செ.மீ பாலித்தீனும் சேர்ந்த நிழல் தண்டை (நேரே வரும் நியூட்ரான்களை மறைக்கும் தண்டு) மாதிரியின் இடத்தில் நிறுத்தி இதை அளக்கலாம்.

டெட் டைமும், அதாவது ஒரு துடிப்பை எண்ணியபின் அடுத்ததை எண்ண முடியாத நேரமும், அதே திசையில்தான் இழுக்கும். அது 1 மைக்ரோ வினாடி என்று வைத்துக்கொண்டால், கிராஃபைட்டோடு வினாடிக்கு 20,000 எண்ணிக்கை வரும்போது 2 சதவீதம் தொலையும். பாலித்தீனில் அதைவிடக் குறைவாகத் தொலையும். இந்த வித்தியாசமே விடையை 1.6 சதவீதம் குறைத்துவிடும். எண்ணும் வேகத்தைக் குறைப்பதே நல்ல வழி, திருத்தம் அடுத்தபடிதான்.

டிடெக்டர் திரவ சிண்டிலேட்டர் (கதிர் பட்டால் ஒளிரும் திரவம்) என்றால், துடிப்பின் வால் நீளத்தை வைத்துக் காமாக் கதிர்களைப் பிரிக்கலாம். ஜெனரேட்டரின் இலக்கில் டியூட்ரியம் படியப் படிய 2.5 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான்களும் கிளம்பும். அவை எண்ணப்படாத அளவுக்கு, துடிப்பு எண்ணப்படும் கீழ் எல்லையை உயர்த்தி வைக்க வேண்டும். ஒளியை மின்துடிப்பாக்கும் ஃபோட்டோமல்டிப்ளையரின் பெருக்கம் வெப்பத்தோடு நகரும் என்பதால், சீசியம்-137 தரும் 477 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காம்ப்டன் விளிம்பை (காமா ஒரு எலக்ட்ரானுக்குத் தரக்கூடிய உச்ச ஆற்றல்) அவ்வப்போது பார்க்க வேண்டும். பாலித்தீன், கிராஃபைட், நிழல் தண்டு மூன்றையும் சில நிமிடங்களுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருங்கள். ஒன்றைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் எடுத்தால் நகர்வு முழுவதும் விடைக்குள் போய்விடும். ஒவ்வொரு நியூட்ரானோடும் பிறக்கும் 3.5 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆல்பாவை எண்ணி, அதன்படி அளவீட்டுச் சுற்றுகளைச் சமப்படுத்தலாம்.

கடைசியாக 4 செ.மீ பாலித்தீனும் அதற்கேற்ற கிராஃபைட்டும் சேர்ந்த இணையைக் கொண்டும் ஒரு சுற்று எடுங்கள். 8 செ.மீ தந்த குறுக்குவெட்டும் இதுவும் ஒத்துப்போகாவிட்டால், முதலில் சோதிக்க வேண்டியவை பின்னணிக் கழிப்பும் உள்சிதறல் திருத்தமும்.