புரோட்டான் ஹீலியத்திடமிருந்து எலக்ட்ரானைக் கவர்வதை அளந்த அனுபவம்

நேர்மின்னூட்டம் கொண்ட ஓர் அயனி ஓர் அணுவை நெருங்கிக் கடக்கும்போது, அந்த அணுவின் எலக்ட்ரான் ஒன்றைத் தன்னுடன் இழுத்துக்கொண்டு போய்விடுவதுண்டு. என் முனைவர் பட்ட ஆய்வின் முதல் பகுதி, புரோட்டான்களுக்கும் ஹீலியம் அணுக்களுக்கும் இடையே இந்தக் கவர்வு எவ்வளவு எளிதில் நிகழ்கிறது என்பதை அளப்பதாக இருந்தது. பலரும் பல பத்தாண்டுகளாக அளந்துவந்த வினைதான் இது. ஆயினும் தெரிந்த விடையைச் சரியாகத் திருப்பித் தராத ஒரு கருவியைக் கொண்டு, வால்வெள்ளி ஒன்றின் வாயுவிடமிருந்து சூரியக் காற்றின் ஆக்சிஜன் அயனிகள் எலக்ட்ரானைக் கவர்ந்து எக்ஸ் கதிர் உமிழ்வது போன்ற வினைகளுக்குள் நுழைய முடியாது என்று என் வழிகாட்டி உறுதியாக நினைத்தார். 1996ஆம் ஆண்டில் ஹியாகுடேக்கே வால்வெள்ளியிலிருந்து ரோசாட் செயற்கைக்கோள் எக்ஸ் கதிர்களைக் கண்டபோது, அவற்றின் தோற்றத்தை விளக்கியது இந்தக் கவர்வு வினைதான். அந்தத் துறைக்குள் போக வேண்டும் என்பதே என் ஆசை.

அளவீட்டின் அடிப்படை எளிமையானது. முடுக்கியிலிருந்து வரும் புரோட்டான் கற்றை, ஹீலியம் நிரப்பிய ஒரு சிறு வாயுக்கலத்தின் வழியே செல்கிறது. கலத்தைத் தாண்டியதும் இரு மின்தகடுகள் எஞ்சிய புரோட்டான்களை வளைத்து ஃபாரடே கிண்ணத்தில், அதாவது மின்னூட்டத்தைச் சேகரித்து அளக்கும் கிண்ணத்தில், சேர்க்கின்றன. எலக்ட்ரானைக் கவர்ந்து நடுநிலை ஹைட்ரஜனாக மாறியவை மின்புலத்துக்கு வளையாமல் நேராகச் சென்று கண்டறிவானில் விழுகின்றன. நடுநிலையானவற்றின் விகிதத்தை, கற்றையின் பாதையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு உள்ள வாயு அணுக்களின் எண்ணிக்கையால் வகுத்தால் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது கவர்வு நிகழும் வாய்ப்பைப் பரப்பளவாகச் சொல்லும் அளவு, கிடைத்துவிடும். தாளில் இது ஒரு வரிக் கணக்கு.

உழைப்பு முழுவதையும் வாங்கிக்கொண்டது வகுக்கும் எண்தான். ஆயிரத்தில் ஒரு மில்லிபார் அழுத்தத்தில், அறை வெப்பநிலையில், ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 2.4 × 10¹³ அணுக்கள் இருக்கும். கலத்தின் நீளம் 5 சென்டிமீட்டர் என்றால், 10⁻¹⁶ சதுர சென்டிமீட்டர் அளவுள்ள குறுக்குவெட்டுப் பரப்புக்கு நூறு புரோட்டான்களில் ஏறத்தாழ ஒன்று மட்டுமே கவர்வில் ஈடுபடும். ஆனால் கலத்தின் இரு முனைத் துளைகளின் வழியே வாயு கசிந்து வெளியிலும் பரவுவதால், கற்றை உண்மையில் காணும் நீளம் அளவுகோல் காட்டும் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கும். அழுத்தத்தை அளப்பதிலும் கவனம் தேவைப்பட்டது. அயனியாக்க அழுத்தமானி நைட்ரஜனுக்கு அளவு திருத்தப்பட்டது. ஹீலியத்தில் அது உண்மை அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் காட்டும். ஆகவே வாயுவின் வகையைச் சாராத மின்தேக்கு அழுத்தமானியை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்டோம்.

அழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் நடுநிலை விகிதத்தைக் குறித்து வரைபடம் வரைந்தோம். தொடக்கத்தில் கோடு நேராகச் சென்றது. அழுத்தம் கூடியதும் மெல்ல வளைந்தது. கவர்ந்த எலக்ட்ரானை அதே ஹைட்ரஜன் அடுத்த மோதலில் இழந்துவிடுவதே அந்த வளைவுக்குக் காரணம். புரோட்டான் ஒரே ஒரு முறை மட்டும் மோதியது என்று சொல்லும் உரிமை நேர்கோட்டுப் பகுதிக்கு மட்டுமே உண்டு. அதன் சாய்வுதான் நமக்கு வேண்டிய அளவு. கோடு சுழியில் தொடங்காமல் சற்று மேலே தொடங்கியதற்குக் காரணம், கலத்தில் ஹீலியமே இல்லாதபோதும் கற்றைக்குழாயில் மிஞ்சியிருக்கும் வாயுவிடமிருந்து நிகழும் கவர்வு.

இந்தப் பின்னணியைச் சாதாரணமாகக் கழித்துவிடலாம் என்று தோன்றும். குறைந்த ஆற்றலில் அது சரியே. ஆற்றலை உயர்த்த உயர்த்த நிலைமை மாறியது, இங்கேதான் கவர்வின் இயற்பியல் எனக்கு உண்மையில் புரியத் தொடங்கியது. புரோட்டானின் வேகமும் அணுவுக்குள் எலக்ட்ரான் சுற்றும் வேகமும் ஒப்பிடத்தக்கவையாக இருக்கும்போதே கவர்வு எளிதாகிறது. 25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான், நொடிக்கு சுமார் 2,200 கிலோமீட்டர் செல்கிறது. ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரானுக்கு உரிய வேகமும் அதுவே. அதைவிட மிக வேகமாகப் புரோட்டான் சென்றால், வெளிக்கூட்டின் மெதுவான எலக்ட்ரான்கள் அதனுடன் ஒட்ட முடியாமல் பின்தங்கிவிடும். நைட்ரஜனும் ஆக்சிஜனும் தம் உட்கூட்டில் மிக வேகமான எலக்ட்ரான்களை வைத்திருப்பதால், உயர் ஆற்றலில் ஹீலியத்தைவிட அவையே எளிதான இலக்குகள் ஆகின்றன. எனவே சுவர்களிலிருந்து கசியும் நீராவியும் ஹீலியத்துடன் கலந்திருக்கும் சிறு மாசும் அங்கே தம் அளவுக்கு மிஞ்சிய பங்கைப் பெறும். வெற்றிட அறையைச் சூடாக்கி வாயுவை வெளியேற்றுவதும், ஹீலியத்தைத் திரவ நைட்ரஜனில் குளிர்ந்த பொறி வழியே அனுப்புவதும் எங்கள் வேலையின் பெரும்பகுதியாகிவிட்டன. 1930ஆம் ஆண்டில் இயற்பியலாளர்கள் பிரிங்க்மனும் கிராமர்ஸும் முதல்வரிசைத் தோராயக் கணக்கில் பெற்ற விடை, உயர் ஆற்றலில் கவர்வு ஆற்றலின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் வீழ்கிறது என்கிறது. அவ்வளவு செங்குத்தாக இறங்கும் ஒன்றைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதற்குப் பொறுமையைத் தவிர வேறு உபாயம் இல்லை.

மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு பழைய அளவீடுகளுடன் பொருந்தியதும், எலக்ட்ரான் எந்த ஆற்றல் மட்டத்தில் போய் அமர்ந்தது என்ற கேள்விக்கு நகர்ந்தோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தனியே அலையும் எலக்ட்ரானைப் புரோட்டான் பிடிக்க வேண்டுமானால் ஓர் ஒளித்துகளை உமிழ்ந்தாக வேண்டும். இங்கே அந்தத் தேவை இல்லை. மிச்ச ஆற்றலுக்கும் உந்தத்துக்கும் ஈடுசெய்ய ஹீலியம் அயனி பின்னால் நிற்கிறது. ஆகவே மோதலில் அந்த அயனி பெறும் உந்தத்தை, அதாவது அதன் பின்னடைவை, அளந்தால், மோதலில் ஆற்றல் எப்படிப் பங்கிடப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

25 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் கணக்கு இப்படி வருகிறது. எலக்ட்ரான் ஹைட்ரஜனின் தாழ்நிலையில், அதாவது முதல் மட்டத்தில், அமர்ந்தால், ஹீலியம் அயனி கற்றையின் எதிர்த்திசையில் சுமார் 0.1 அணு அலகு உந்தம் பெறும் (ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரானுக்கு உரிய உந்தமே ஓர் அணு அலகு). இரண்டாம் மட்டத்தில் அமர்ந்தால், கற்றையின் திசையிலேயே சுமார் 0.28 அலகு பெறும். திசையே மாறிவிடுகிறது என்பது எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. ஆனால் அறை வெப்பநிலையில் உள்ள ஹீலியம் அணுவுக்கு வெப்ப அசைவினாலேயே ஒரு திசையில் இரண்டரை அலகுக்கு மேல் உந்தப் பரவல் உண்டு. அந்த இரைச்சலில் இந்த வேறுபாடு அடியோடு மறைந்துவிடும். அதனால் வாயுக்கலத்தை அகற்றிவிட்டு, நுண்துளை வழியே விரிந்து தானாகவே குளிரும் மீஒலி வேக ஹீலியம் தாரையை இலக்காக வைத்தோம். நடுநிலை ஹைட்ரஜன் கண்டறிவானைத் தொட்ட கணத்தையும் ஹீலியம் அயனி வந்து சேர்ந்த கணத்தையும் இணைத்துப் பதிவு செய்தோம். இரு எலக்ட்ரான்களையும் இழந்த ஹீலியம், பயண நேரத்தில் ஏறத்தாழ 0.7 மடங்கில் முன்னதாகவே வந்துவிடுவதால், ஓர் எலக்ட்ரான் கவரப்பட்டு மற்றொன்று சிதறிப்போன நிகழ்வுகளும் தனியே பிரிந்தன.

தாரையின் குளிர்ச்சி போதுமான அளவுக்கு வந்தபின், உந்த வரைபடத்தில் ஒரே மேடாக இருந்தது இரண்டாகப் பிரிந்தது: எதிர்த்திசையில் உயரமான ஒன்று, முன்திசையில் தாழ்ந்த ஒன்று. பெரும்பாலான கவர்வுகள் தாழ்நிலைக்கே செல்கின்றன என்று கோட்பாடு சொல்வதை நேரடியாகக் கண்டோம். அடுத்து அதே அமைப்பில், பல எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அயனிகளைச் செலுத்தப் போகிறோம். அவை புரோட்டானைப் போலத் தாழ்நிலையை நாடாமல் உயர்ந்த மட்டங்களில் எலக்ட்ரானை ஏற்பவை; ஆறு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் ஹைட்ரஜனிடமிருந்து கவரும்போது நான்காம் மட்டமே முதன்மையாகும் என்று, இரு அயனிகளுக்கும் இடையிலான ஆற்றல் தடையை எலக்ட்ரான் மேலாகக் கடப்பதாகக் கொள்ளும் 'தடை கடந்த செவ்வியல் மாதிரி' கணிக்கிறது. ஹீலியத்தில் எலக்ட்ரான் இன்னும் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், முதன்மை மட்டம் மூன்றுக்கு இறங்கும் என எதிர்பார்க்கிறோம். அதைச் சோதிக்கும் அளவுக்கு உந்தப் பிரிதிறன் இப்போது இருக்கிறது.