ஐந்து பவுண்டு காற்று: ஒரு ட்ரையல்ஸ் டயர் நாட்குறிப்பு

ஜனவரி 4, ஞாயிறு

இன்றும் அந்தப் பாறை ஏறவில்லை. ஓடைக்கு நடுவில் இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. அதன் முகத்தில் எந்நேரமும் ஈரம் கசிந்துகொண்டே இருக்கும். எட்டு முறை முயன்றேன். முன்சக்கரம் ஒவ்வொரு முறையும் மேலே போய்விட்டது. பின்சக்கரம்தான் பாறையைத் தொட்டதும் சர்ரென்று சுழன்று கீழே இறங்கியது. எட்டு முறையும் காலை ஊன்றித்தான் வண்டியைக் காப்பாற்றினேன்.

ட்ரையல்ஸ் என்பது பாறை, ஓடை, வேர் போன்ற தடைகளைக் கால் ஊன்றாமல் கடக்கும் மோட்டார் சைக்கிள் போட்டி. அதில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. கொடி கட்டிப் பிரித்த ஒவ்வொரு தடைப் பகுதியும் ஒரு செக்‌ஷன். ஒரு செக்‌ஷனுக்குள் கால் ஒருமுறை தரையில் பட்டால் 1 புள்ளி, இரண்டு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை வைத்தாலும் 3. வண்டி சாய்ந்தாலோ எல்லைக் கொடியைத் தாண்டினாலோ 5. யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்கே வெற்றி. 70 கிலோ சொச்சம் எடையுள்ள வண்டியில் நின்றபடியேதான் ஓட்ட வேண்டும். பாறைக்கும் எனக்கும் நடுவில் இருப்பது அந்தப் பின்டயரில் உள்ளங்கை அகல ரப்பர் மட்டும்தான்.

என் கிளட்ச் விரல் சரியாக இல்லையோ என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இன்று மாலை வண்டியைக் கழுவும்போது டயரை முதன்முறையாக உற்றுப் பார்த்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளை, அதாவது பட்டன்களை, விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனேன். பட்டன்கள் இன்னும் உயரமாகத்தான் இருக்கின்றன, டயர் மொட்டையாகவில்லை. ஆனால் சக்கரம் உந்தும் பக்கத்து விளிம்பு கூழாங்கல்லைப் போல உருண்டுவிட்டது. எதிர்ப்பக்கத்து விளிம்பு மட்டும் இன்னும் கத்திமுனை மாதிரி இருக்கிறது, நகத்தைப் பிடித்து இழுக்கிறது. பாறையின் சொரசொரப்பைக் கவ்வுவது இந்த விளிம்புதான். அது போய்விட்டால் பட்டன் எத்தனை மில்லிமீட்டர் மிச்சமிருந்தும் பயன் குறைவு.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2319. 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். வண்டி என் கைக்கு வந்தபோதே இதைப் பார்த்திருக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தைப் பட்டனில் அழுத்தினால் புது ரப்பரில் தடம் விழும், மெதுவாக மறையும். இதில் தடமே விழவில்லை. வெயிலும் வருடங்களும் சேர்ந்து மென்மையை எடுத்துவிட்டன.

அண்ணனுக்கு போன் செய்தேன். இருபது வருடமாக ட்ரையல்ஸ் ஓட்டுகிறார். "தம்பி, டயரைக் கழட்டித் திருப்பிப் போடு. மழுங்காத விளிம்பு உந்துற பக்கம் வரட்டும். அப்புறம் பேசலாம்" என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

திருப்பிப் போட்டதில் பலன் இருந்தது. எட்டில் இரண்டு முறை ஏறினேன். விளிம்பு வந்துவிட்டது, ரப்பர்தான் வரவில்லை. ஈரமில்லாத பாறையில் பிடிக்கிறது, கசிவு உள்ள இடத்தில் வழுக்குகிறது.

கூட வந்த நண்பரின் வண்டியில் மோட்டோகிராஸ் டயர். பெரிய பட்டன், அகல இடைவெளி, பார்க்கவே பயமாக இருக்கும். அடுத்து அதையே வாங்கலாம் என்று மனதுக்குள் கிட்டத்தட்ட முடிவு செய்திருந்தேன். உழுத மண்ணில் அவர் பறந்தார். ஓடைப் பாறையிலோ நான் ஏறிய அளவுகூட ஏறவில்லை. அண்ணன் குனிந்து எனக்குக் காட்டினார். பாறை மேல் அந்தப் பட்டன்களின் நுனி மட்டுமே நிற்கிறது, அதுவும் நாலைந்து பட்டன்தான். த்ராட்டில் கொடுத்ததும் உயரமான பட்டன் பின்னால் வளைந்து நழுவுகிறது. மண்ணைக் குத்திக் கிழித்துப் பிடிப்பதற்குச் செய்த டயர் அது. பாறையைக் குத்த முடியாது. பாறை மேல் படர வேண்டும். ட்ரையல்ஸ் டயரின் பட்டன் குட்டையாக, சதுரமாக, நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதனால் இனி பட்டனைப் பார்த்து டயர் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. பக்கச்சுவர் எப்படி மடிகிறது என்பதைப் பார்த்துத்தான்.

ஜனவரி 14, புதன்

அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தேன். பின்டயரை நனைத்து அதன் மேல் வைத்து, ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) ஏறி நின்றேன். தம்பி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். 12 பவுண்டு காற்றில் விழுந்த ஈரத்தடம் 9 சென்டிமீட்டர் நீளம். 5 பவுண்டுக்கு இறக்கி மறுபடி நின்றேன். 15 சென்டிமீட்டர். முதல் தடத்தில் மூன்று வரிசைப் பட்டன், இரண்டாவதில் ஐந்து.

பின்னால் 4 முதல் 5 பவுண்டு, முன்னால் 6 பவுண்டு பக்கம் என்பதுதான் ட்ரையல்ஸில் வழக்கமான கணக்கு. சாலை பைக்கில் 30 பவுண்டு வைத்துப் பழகியவருக்கு இது பஞ்சர் மாதிரி தெரியும். ஆனால் கல் முனை உள்ளே அமுங்கி, டயர் அதைச் சுற்றி மடிந்து உட்கார்வதற்கு அவ்வளவு குறைவான காற்று வேண்டும். பின்டயரில் ட்யூப் இல்லாததும் இதற்காகத்தான். ட்யூப் இருந்தால் அந்தக் காற்றில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கிக் கிழிந்துவிடும்.

என் ஏர் கேஜையும் இன்று ஓரங்கட்டினேன். அது 60 பவுண்டு வரை காட்டும் கேஜ். முழு அளவில் 2 சதவீதம் பிழை என்றால் 1.2 பவுண்டு. 30 பவுண்டில் அது ஒன்றுமில்லை, 5 பவுண்டில் அதுவே கால் பங்கு. அண்ணனிடம் இருப்பது 15 பவுண்டு வரை மட்டும் காட்டுவது. அதில் அளந்தபோது, இத்தனை நாள் 5 என்று நம்பி வைத்திருந்தது 6.5 என்று தெரிந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

காலை குளிரில் சரியாக 5 பவுண்டு வைத்துவிட்டுக் கிளம்பினேன். நடு மதியம், வெயிலில் நின்ற வண்டியில் அளந்தால் 6-ஐத் தாண்டியிருந்தது. கேஜ்மேல் சந்தேகப்பட்டு இரண்டு முறை அளந்தேன். கேஜ் சரிதான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கேஜ் காட்டும் 5 பவுண்டு, வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ள 5. வெளிக்காற்றின் 14.7-ஐயும் சேர்த்தால் உள்ளே உண்மையில் இருப்பது 19.7. டயர் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 40-க்குப் போனால் அந்த 19.7 என்பது 21 ஆகும், கேஜில் 6.3. கால் பங்குக்கு மேல் ஏற்றம். சாலை டயருக்கு இது பொருட்டே இல்லை, ட்ரையல்ஸில் பாறை ஏறுமா ஏறாதா என்பதே இதில் இருக்கிறது. மதியத்துக்குப் பிறகு பிடிப்பு போவதற்கு என் களைப்பைத்தான் இத்தனை நாளும் காரணம் சொல்லிவந்தேன். இனிமேல் செக்‌ஷனுக்கு முன் அளப்பேன்.

ஜனவரி 22, வியாழன்

டயர் முடிவாகிவிட்டது. அண்ணனும் நானும் ஒரு மணி நேரம் பேசினோம்.

பின்டயர் அளவில் குழப்பமே இல்லை, 18 அங்குல ரிம்முக்கு 4.00. சில டயர்களில் இதையே 120/100 என்று போட்டிருப்பார்கள். முன்னால் 21 அங்குலத்துக்கு 2.75, அதாவது 80/100. இந்த அளவில் ட்ரையல்ஸ் ஓட்டுபவர்கள் வாயில் அடிபடும் பெயர்கள் சிலதான்: மிச்செலினின் எக்ஸ்11, எக்ஸ் லைட், டன்லப் டி803, ஐஆர்சி டிஆர்-011. பிரெல்லி எம்டி43-யும் உண்டு, சுவர் இவற்றைவிட விறைப்பு. சாலையிலும் காட்டுப்பாதையிலும் ஓடும் வண்டிக்கு அது நல்ல தோழன், அதிக நாள் வரும்.

நான் கேட்டது ரேடியல். நூலிழைகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேர்க்குறுக்காக ஓடுவதால் பக்கச்சுவர் தாராளமாக மடியும். மேலே பட்டன் இருக்கும் பட்டையோ தட்டையாகவே நிற்கும். குறுக்கும் நெடுக்குமாக இழை பின்னிய டயரில் சுவர் மடிந்தால் மேல்பட்டையும் கூடவே நெளியும்.

பின்னால் ரேடியல், ட்யூப்லெஸ், செய்த தேதி ஒரு வருடத்துக்குள். மிக மென்மையான, எடை குறைந்த வகை எனக்கு வேண்டாம் என்றார் அண்ணன். அதன் மெல்லிய சுவரைக் கூரான கல் சீக்கிரம் வெட்டும், நான் இன்னும் அடிக்கடி தவறான இடத்தில் மோதுகிறேன். ஒரு படி தடித்த எக்ஸ்11 என்று முடித்தோம். முன்டயர் இன்னும் நன்றாக இருக்கிறது, அது இருக்கட்டும்.

ஜனவரி 29, வியாழன்

டயர் வந்தது. முதல் வேலையாக நகத்தை அழுத்தினேன். தடம் விழுந்தது, மூச்சு விடும் நேரம் நின்று மறைந்தது.

ரிம்மின் உள்பட்டையைத் துடைத்து, ஸ்போக் வரிசையை மூடும் ரப்பர் பட்டை எங்கும் விரிசல் விடவில்லை என்று பார்த்துக்கொண்டேன். ட்யூப்லெஸ் ரிம்மில் காற்றைக் காப்பது அந்தப் பட்டைதான். டயரின் இரண்டு ஓரத்துக்கும் சோப்புத் தண்ணீர் பூசி, லிவரைக் கொஞ்சமாக மட்டும் பயன்படுத்தி ஏற்றினேன். கால் பம்பால் அடித்தால் அடிக்க அடிக்கக் காற்று வெளியே போனது. கம்ப்ரஸரில் ஒரே மூச்சாகக் கொடுத்ததும் 'டப்', சிறிது நேரத்தில் மறுபக்கம் இன்னொரு 'டப்'. ரிம்மை ஒட்டி ஓடும் கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்த பிறகே 5-க்கு இறக்கினேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

அந்தப் பாறைக்கு நேராகப் போகவில்லை. புது டயரின் மேல் அச்சின் வழுவழுப்பு இருக்கும், அரை மணி நேரம் காய்ந்த கல்லில் ஓட்டி அதைப் போக்கினேன்.

பிறகு ஓடை. முதல் முயற்சியில் வழுக்கியது! நெஞ்சு விழுந்துவிட்டது. அண்ணன் வந்து பின்டயரைத் தொட்டுக் காட்டினார். கரையின் களிமண் மெல்லிய படலமாகப் பட்டன்கள் மேல் ஒட்டியிருந்தது. ரப்பர் தொட்டது பாறையை அல்ல, அந்தச் சேற்றை. கையாலேயே துடைத்தோம். போட்டிகளில் செக்‌ஷனுக்குள் நுழையுமுன் டயரைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன், சடங்கு மாதிரி என்று எண்ணியிருந்தேன்.

2007-ல் முதல் உலகப் பட்டம் வென்ற டோனி போ ஓட்டும் காட்சிகளை இந்த வாரம் மெதுவாக்கிப் பார்த்தேன். ஏறுவதற்கு முந்தைய நொடியில் உடம்பால் வண்டியைக் கீழே அமுக்குகிறார். டயர் பாறையோடு சப்பையாகி, அந்த நிலையில்தான் உந்துகிறது. எடை அழுந்தும் அந்தக் கணத்தில் பிடிப்பும் கூடும். அதை மனதில் வைத்து முழங்காலை மடக்கி அமுக்கினேன், த்ராட்டிலை முறுக்காமல் கிளட்ச்சை மட்டும் விட்டேன்.

டயர் சுழலவே இல்லை. பாறை முகத்தில் சப்பையாகி ஒட்டிக்கொண்டு, ஒரு பல்லி ஏறுவது போல ஏறியது. அடுத்த எட்டு முயற்சியில் ஆறு முறை மேலே. நான்கு முறை காலே வைக்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

வேர்கள் நிறைந்த சரிவு. குறுக்கே கிடக்கும் ஈர வேரில் பின்டயர் பிடித்தது, முன்டயர் வழுக்கிப் பக்கவாட்டில் ஓடியது. பின்பக்கம் சரியானதும் முன்பக்கத்தின் குறை வெளியே தெரிகிறது. 7.5 பவுண்டு வைத்திருந்தேன், 6-க்கு இறக்கியதும் பாதி சரியானது. அதற்குக் கீழே இறக்கத் தைரியமில்லை, முன்னால் ட்யூப் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து முன்டயரின் எண்ணைத் துடைத்துப் பார்த்தேன். 2319. பின்டயரோடு சேர்ந்து வந்ததுதான். நகத்தை அழுத்தினேன், தடம் விழவில்லை. அண்ணனுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.