அம்புக்குறியை நம்பிப் போகிற விடுமுறை

ஐரோப்பாவில் ஒரு வாரம் நடந்தோ சைக்கிளிலோ போக வேண்டும், எந்தப் பாதை அழகு என்று யாராவது கேட்டால், அழகைப் பற்றி அப்புறம் பேசலாம், அந்தப் பாதையில் வழிக்குறிகள் எப்படி இருக்கின்றன என்று முதலில் பாருங்கள் என்றுதான் சொல்வேன். மலையும் ஆறும் உலகத்தில் எத்தனையோ இடங்களில் உண்டு. ஆனால் முன்பின் தெரியாத நாட்டில், மொழியும் தெரியாமல், கூட வழிகாட்டியும் இல்லாமல், காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி இருட்டுவதற்குள் படுக்கை இருக்கிற இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர முடிகிறதென்றால், மரத்திலும் பாறையிலும் வேலிக்கம்பத்திலும் யாரோ பொறுமையாகப் போட்டு வைத்த குறிகள்தான் அதற்குக் காரணம். இந்தப் பயணங்கள் எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதே அதனால்தான்.

சுவிட்சர்லாந்தில் 65,000 கிலோமீட்டருக்கு மேல் குறியிட்ட நடைப்பாதைகள் இருக்கின்றன. 1979இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி இந்தப் பாதைகளை அரசியலமைப்புச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள், அதை நினைத்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருக்கிறது. அங்குள்ள மஞ்சள் பலகைகளில் பெரும்பாலும் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அடுத்த கணவாய்க்கு 2 மணி 10 நிமிடம் என்று போட்டிருந்தால், சமதளத்தில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து, அதோடு ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. உட்கார்ந்து சாப்பிடுகிற நேரமும் படம் எடுக்கிற நேரமும் அதில் சேராது. முதல் நாளே பலகையின் நேரத்துக்கும் உங்கள் நேரத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து வைத்துக்கொண்டால், மீதி நாட்களில் எத்தனை மணிக்கு எங்கே இருப்போம் என்பது தானாகவே தெரிந்துவிடும். வெறும் மஞ்சள் என்றால் யாரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை வந்தால் அது மலைப்பாதை, கால் தடுமாறக் கூடாது, பள்ளத்தைப் பார்த்துத் தலை சுற்றக் கூடாது. வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பாறை ஏற்றமும் பனியாறும்கூட வரலாம், அனுபவம் இல்லாதவர்கள் அந்தப் பலகையோடு திரும்பிவிடுவதுதான் நல்லது.

பிரான்சில் நெடும்பாதைகளுக்கு மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு கோடுகள். அதே இரண்டு நிறமும் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே கிடந்தால் அந்தப் பக்கம் போகாதே என்று பொருள். ஒருமுறை காட்டுக்குள் ஒரு பெரியவர் இந்தக் கோடுகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முதலில் கம்பித் தூரிகையால் மரப்பட்டையில் இருந்த பாசியைச் சுரண்டினார், அப்புறம் ஒரு தகட்டு அச்சை வைத்து வெள்ளையைப் பூசினார், அது கொஞ்சம் உலர்கிற வரை நின்று, பிறகு சிவப்பு. நாலு எட்டு பின்னால் வந்து, நடந்து வருகிறவர் கண்ணுக்கு அது படுகிறதா என்று பார்த்தார். படவில்லை போலிருக்கிறது, பாதையை மறைத்த ஒரு கிளையை வெட்டிப் போட்டார். சம்பளம் கிடையாது, தன்னார்வமாகச் செய்கிற வேலை. அன்றிலிருந்து ஒரு குறியையும் நான் சும்மா கடந்து போனதில்லை.

ஸ்பெயினின் சாந்தியாகோ நகரத்துக்குப் போகிற கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் இருக்கிற மஞ்சள் அம்புகளுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் உண்டு. ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்துப் பங்குத்தந்தை எலியாஸ் வலீஞ்ஞா, 1980களில் மஞ்சள் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பி, மறந்துபோன அந்தப் பழைய பாதையில் அம்பு அம்பாக வரைந்துகொண்டே போனார். அப்போது சாந்தியாகோவில் யாத்திரைச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஆண்டுக்கு மூவாயிரம் பேர்கூட இல்லை. 2024இல் அந்த எண்ணிக்கை ஐந்து லட்சத்தை நெருங்கிவிட்டது. அவர் 1989இல் இறந்துபோனார், இவ்வளவு கூட்டத்தைப் பார்க்கவில்லை. பிரான்சின் எல்லையோர ஊரான சென்-ழான்-பியே-தெ-போரிலிருந்து நடந்தால் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். சான்றிதழுக்கு அவ்வளவு தேவையில்லை, நடந்தால் குறைந்தது 100, சைக்கிளில் 200 கிலோமீட்டர் போதும், வழியில் யாத்திரைக் கையேட்டில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும். அம்புகளோடு இந்தப் பாதையில் வருகிற சிப்பிச் சின்னத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். அஸ்தூரியாஸ் பகுதியில் சிப்பியின் கோடுகள் ஒன்று சேர்கிற முனைதான் போக வேண்டிய திசை, பக்கத்துக் கலீசியாவில் அப்படிக் கிடையாது, அங்கே அம்பை மட்டும் பாருங்கள். புர்கோஸுக்கும் லெயோனுக்கும் நடுவில் இருக்கிற மேட்டுச் சமவெளியில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மணிக்கணக்கில் ஒரு மர நிழல்கூடக் கிடைக்காது.

சரி, சைக்கிளுக்கு வருவோம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது டான்யூப் ஆற்றங்கரைப் பாதை, ஜெர்மனியின் பஸாவிலிருந்து வியன்னா வரை, சுமார் 320 கிலோமீட்டர். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை போகிற யூரோவெலோ 6 என்ற நெடும்பாதையின் ஒரு துண்டு இது. ஏன் இது சுலபம் என்றால், இந்தப் பாதையின் பெரும் பகுதி ஒரு காலத்தில் குதிரைகள் நடந்த பாதை. நீராவிக் கப்பல் வருவதற்கு முன்னால், சரக்குப் படகுகளை ஆற்றோட்டத்துக்கு எதிராகக் கயிறு கட்டிக் குதிரைகள்தான் கரையோரமாக இழுத்தன. பாரம் இழுக்கிற குதிரைக்கு மேடு ஆகாது, அதனால் கரையை ஒட்டியே சமமாகப் பாதை போட்டார்கள், அந்தச் சௌகரியம் இன்று நமக்குக் கிடைக்கிறது. ஆறு போகிற திசையிலேயே நாமும் போகிறோம், காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிப்பதால் முதுகைத் தள்ளிவிடும்.

ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு மலைக்கு வழிவிட்டு அப்படியே திரும்பி, வந்த திசைக்கே போகும். வடகரையில் அந்த வளைவில் கொஞ்ச தூரத்துக்குப் பாதையே இல்லாததால் சைக்கிளையும் நம்மையும் ஏற்றிக்கொண்டு ஒரு சின்னப் படகு ஆற்றோடு போய் அந்தப் பக்கம் இறக்கிவிடுகிறது. சில இடங்களில் நீர்மின் நிலையத்தின் அணைமேலேயே சைக்கிளை ஓட்டி அக்கரைக்குப் போகலாம். லின்ஸைத் தாண்டியதும் மவுத்ஹவுஸன் வருகிறது. நாஜி வதைமுகாம் இருந்த ஊர், முகாம் பாதையோரத்தில் இல்லை, மேட்டில் இருக்கிறது, அதனால் பலர் மிதித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். தயவுசெய்து நின்று ஏறிப் பாருங்கள். கைதிகளைக் கருங்கல் சுமந்து ஏறவைத்த கல்குவாரியின் 186 படிகள் அங்கே இருக்கின்றன. அன்றைக்கு அதற்கு மேல் அதிக தூரம் போக மனம் வராது, தங்குமிடத்தை அதற்கேற்ப அருகிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம் மெல்க். பாறைமேல் மஞ்சளாக நிற்கிற பெரிய மடாலயம், அங்கிருந்து கிரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர், வாஹாவ் பள்ளத்தாக்கு. 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒரே மூச்சில் மிதித்தால் மூன்று மணி நேரம்கூட ஆகாது, ஆனால் இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சிமென்ட் இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய படிப்படியான திராட்சைத் தோட்டங்கள், நடுவில் ஆப்ரிகாட் மரங்கள், ஜூலையில் போனால் வீட்டு வாசலில் கூடை கூடையாகப் பழம் விற்பார்கள். டூர்ன்ஷ்டைன் கிராமத்துக்கு மேலே ஒரு பாழடைந்த கோட்டை, இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் 1192இன் கடைசியில் பிடிபட்டுச் சிறையிருந்த இடம். சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு ஏறினால், இதுவரை மிதித்து வந்த ஆற்றோரம் முழுவதும் தெரியும்.

குறிகளிலேயே புத்திசாலித்தனமானது எது என்றால் பெல்ஜியமும் நெதர்லாந்தும் வைத்திருக்கிற எண் முறைதான். சைக்கிள் பாதைகள் சந்திக்கிற ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் உண்டு. 14, 27, 31, 8 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் போதும், ஊர்ப் பெயரைப் படிக்கவே தெரிய வேண்டாம். பெல்ஜியத்து லிம்பர்க் பகுதியைச் சேர்ந்த ஒரு சுரங்கப் பொறியாளர், பூமிக்கடியில் சுரங்கப் பாதைச் சந்திப்புகளுக்கு எண் போடுகிற பழக்கத்தை 1990களில் மேலே கொண்டுவந்ததுதான் இது. வழியில் மனம் மாறினால் அடுத்த எண்ணில் திரும்பிக்கொள்ளலாம், அந்தச் சுதந்திரம் வேறெந்தப் பாதையிலும் இவ்வளவு கிடைத்ததில்லை.

ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்தைச் சுற்றி நடக்கிற பாதை வேறு ரகம். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடு, ஏறக்குறைய 170 கிலோமீட்டர், மொத்தமாகக் கூட்டினால் 10,000 மீட்டர் அளவுக்கு ஏற்றம். அழகைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். ஆனால் மலை விடுதிகளில் பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும், உள்ளே நுழைந்து படுக்கிற மெல்லிய துணி உறையை நாமே கொண்டுபோக வேண்டும், பூட்ஸை வாசலிலேயே கழற்ற வேண்டும், இரவுச் சாப்பாடு அவர்கள் சொல்கிற நேரத்தில்தான். உயரமான கணவாய்களில் ஜூன் கடைசி வரைகூடப் பனி கிடக்கும். அவசரத்துக்கு ஐரோப்பா முழுக்க 112. சிக்னல் இல்லையென்றால் நிமிடத்துக்கு ஆறு முறை விசிலோ டார்ச்சோ, ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடியும் ஆறு முறை.

டான்யூபுக்குப் போகிறவர்கள் சொந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம். பஸாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் விட்டுவிடலாம், பெட்டிகளை அடுத்த விடுதிக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். சொந்த சைக்கிள்தான் வேண்டும் என்றால் வேக ரயில்களில் சைக்கிளுக்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், கோடையில் அந்த இடங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும். மே கடைசியோ செப்டம்பரோ நல்ல காலம். வாடகைக் கடையில் சீட்டின் உயரத்தைச் சரிசெய்யாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள், இரண்டாம் நாள் முழங்கால் வலிப்பது பெரும்பாலும் அதனால்தான்.