அப்பாவின் எடை நோட்டு

இதயச் செயலிழப்பு, அதாவது இதயம் ரத்தத்தைப் போதுமான அளவு இறைக்க முடியாத நிலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, நன்றாகத் தேறி வீட்டுக்கு வந்த அப்பா, 17-ஆம் நாள் ராத்திரி மூச்சுத் திணறி மறுபடி எமர்ஜென்சிக்குப் போனார். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்" என்றேன் டாக்டரிடம். எங்கே நல்லா இருந்தார்? ஒரு வாரமாகவே சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் தடம் பள்ளமாகக் கிடந்தது, ஒரு தலையணையில் தூங்கியவர் மூன்றை அடுக்கிச் சாய்ந்துகொண்டிருந்தார். பார்த்தோம், வயசாச்சு என்று விட்டுவிட்டோம்.

மூச்சு வாங்குவதற்குப் பல நாள் முன்னாலேயே உடம்பில் நீர் சேர ஆரம்பித்துவிடும், அதைக் காட்டிக்கொடுப்பது எடை மெஷின்தான். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன், தினமும் அதே மெஷினில் நிற்க வேண்டும். 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். அன்றைக்கே டாக்டருக்கு போன் போட வேண்டும்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வெளியே போகும் நாளில் அடிக்கடி பாத்ரூம் தேட வேண்டியிருக்கிறதே என்று நீர் மாத்திரையை அப்பா போடுவதே இல்லையாம். போதாததற்கு மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், அதுவும் யாரையும் கேட்காமல். அது, ஐபுபுரோஃபென் எல்லாம் உப்பையும் நீரையும் உடம்பிலேயே தேக்கிவிடும் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். சரி, உப்பையாவது மாற்றுவோம் என்று நான் வாங்கி வைத்திருந்த 'சோடியம் குறைந்த உப்பு' அதைவிட மோசம்: அதில் இருப்பது பொட்டாசியம், இதயத்துக்காக அவர் சாப்பிடும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.

என் ஆத்திரமெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த 'ஒரு மாதம் கழித்து வரவும்' மேல்தான். ஆபத்தான காலமே அந்த மாதம். 7 முதல் 14 நாளுக்குள் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. 2022-இல் வந்த ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வில், அடிக்கடி வரவழைத்து டிஸ்சார்ஜ் ஆன 2 வாரத்துக்குள் இதயச் செயலிழப்பு மருந்துகளை முழு அளவுக்கு ஏற்றியவர்களில், 6 மாதத்தில் இறந்தவர்களும் இதயச் செயலிழப்பால் மறுபடி அட்மிட் ஆனவர்களும் சேர்த்து 15.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 23.3.

இரண்டாவது தடவை வந்ததும் ஒரு நோட்டு போட்டோம். போன மாதம் 71.4, 72.3, 73.6 என்று ஏறியது. போன் செய்தோம், நீர் மாத்திரையைச் சில நாளுக்குக் கூட்டச் சொன்னார்கள், வீட்டிலேயே இறங்கிவிட்டது. இன்றைக்கு அப்பா எழுதியிருப்பது: 71.2, தலையணை 1.