நாய் குறுக்கே வந்தது

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பட்டறைகளில் அடிபட்ட கார்களைப் பார்த்து இழப்பை மதிப்பிடுவது என் தொழில். சர்வேயர் என்றதும் நிலம் அளப்பவன் என்று நினைத்துப் பட்டாவோடு வந்து நின்றவர்களும் உண்டு. வாகன இழப்பு ஐம்பதாயிரம் ரூபாயைத் தொட்டால், உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது விதி. எனக்கு ஊதியம் தருவது காப்பீட்டு நிறுவனம். ஆனால் நான் அதன் ஊழியன் அல்ல. இதைக் கார்க்காரர்களும் நம்புவதில்லை, சில சமயம் நிறுவனமும் நம்புவதில்லை.

கிளெய்ம் படிவத்தில் 'விபத்து நடந்த விதம்' என்று ஓர் இடம் இருக்கும். அங்கே நான் அதிகம் படித்தது இதுதான்: 'திடீரென நாய் குறுக்கே வந்ததால் பிரேக் போட்டேன், கார் ஓரத்தில் இருந்த கல்லில் மோதிவிட்டது.' இந்தப் படிவங்களை நம்பினால் அவிநாசி சாலையில் வண்டிகளைவிட நாய்களே அதிகம் என்றுதான் முடிவுகட்ட வேண்டும். நாய் காவல் நிலையத்துக்கு வராது, வக்கீல் வைக்காது, மறுத்துப் பேசாது. எதிர்த்தரப்பாக இவ்வளவு வசதியான ஆள் வேறு யார்?

பாதிப் பேருக்கு இந்த நாய் தேவையே இல்லை என்பதுதான் வேடிக்கை. முழுக் காப்பீடு எடுத்திருந்தால், ரிவர்ஸ் எடுக்கும்போது சொந்த வீட்டு கேட்டில் இடித்திருந்தாலும் பணம் உண்டு. கவனக்குறைவு என்று ஒளிக்காமல் எழுதினாலும் உண்டு. ஓட்டியவருக்கு லைசென்ஸ் இருக்க வேண்டும், அவர் குடித்திருக்கக் கூடாது. தப்பு யார் மீது என்று யாரும் பஞ்சாயத்து வைப்பதில்லை. பிறகு எதற்குக் கதை? கதையை எழுதுவது பெரும்பாலும் கார்க்காரர் அல்ல. பட்டறையில் வண்டியைப் பொறுப்பேற்கும் சர்வீஸ் அட்வைசர் ஒரு வரி சொல்வார், ஏஜென்ட் ஒரு வரி சேர்ப்பார், ஊரில் இருக்கும் மைத்துனர் போனிலேயே திருத்துவார். கையெழுத்து மட்டும்தான் கார்க்காரருடையது.

உடனே சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடுவதும் இப்படி நாலு பேர் யோசனையால்தான். கல்லில் அடிப்பாகம் உரசி, என்ஜின் ஆயில் தேங்கும் கலமான ஆயில் சம்ப் ஓட்டையாகிவிடும். 'பக்கத்தில்தானே வீடு' என்று ஓட்டிக்கொண்டே போவார்கள். ஆயில் முழுவதும் வடிந்து என்ஜின் இறுகி நின்றுவிடும். சம்புக்குப் பணம் வரும், என்ஜினுக்குப் பெரும்பாலும் வராது. என்ஜினைக் கெடுத்தது கல் அல்ல, அதற்குப் பிறகு ஓட்டியதுதான் என்று நிறுவனம் சொல்லிவிடும். அங்கேயே நிறுத்தி, நாலு பக்கமும் படம் எடுத்து, பாலிசியில் இருக்கும் எண்ணுக்கு அழைத்து, இழுவை வண்டி வரவழைத்திருந்தால் ஒரு பொழுது வீணாகியிருக்கும், அவ்வளவுதான்.

காவல் நிலைய விஷயத்தில் நம் ஆட்கள் தலைகீழாக நடந்துகொள்கிறார்கள். பம்பர் கீறலுக்கு எஃப்ஐஆர் வேண்டும் என்று நிலைய வாசலில் காத்துக் கிடப்பார்கள். தன் காருக்கு மட்டும் சேதம் என்றால் நிறுவனங்கள் பொதுவாக அதைக் கேட்பதே இல்லை. ஆனால் ஆள் அடிபட்டிருந்தால் 'எதற்கு வம்பு' என்று அந்தத் தெருப் பக்கமே போக மாட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். கூடிய விரைவில், அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள், காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் கூடி அடித்துவிடுமே என்ற பயத்துக்குக்கூட அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. கும்பலின் ஆத்திரத்தால் உதவ முடியாமல் போனால் அதைக் குற்றமாகக் கொள்வதில்லை. அங்கிருந்து ஓடியவர் நேராகக் காவல் நிலையத்துக்கு ஓடியிருந்தால் சரி, வீட்டுக்கு ஓடிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டால்தான் சிக்கல்.

நிலையத்துக்குப் போகிறவர்களும் கையில் கிடைப்பது என்ன என்று பார்ப்பதில்லை. சிஎஸ்ஆர் ரசீது என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை மட்டுமே. அதையே எஃப்ஐஆர் என்று நினைத்து, சாமி படத்துக்குப் பின்னால் மாதக்கணக்கில் பத்திரப்படுத்தி வைத்திருந்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். அந்தச் சக்கரம் சுழல வேண்டுமானால், விபத்து நடந்தது என்று முதலில் யாராவது வாய் திறக்க வேண்டுமே.

தாமதத்தையாவது மன்னிப்பார்கள். தாமதம் என்ற ஒன்றை மட்டும் காட்டி நியாயமான கிளெய்மைத் தள்ளாதீர்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. 2020இல் ஒரு வாகனத் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் சென்றது. உடனே எஃப்ஐஆர் போட்டிருக்கிறார், நிறுவனத்துக்குச் சொல்லத்தான் தாமதித்தார், அதற்காகப் பணத்தை மறுக்க முடியாது என்றது. புனைவுக்கு இப்படி ஒரு சலுகையை நான் எங்கும் கண்டதில்லை.

வியாபாரி ஒருவரின் கார் பட்டறைக்கு வந்தது. படிவத்தில் இந்த முறை நாய்க்குப் பதில் மின்கம்பம். காரைச் சுற்றி வந்தேன். கம்பத்தில் மோதிய கார் ஒரே இடத்தில் ஆழமாக, செங்குத்தாக மடிந்திருக்கும். இதில் இடது ஓரம் முழுவதும் வழித்துவிட்டாற்போல் அமுங்கியிருந்தது. உடைந்த ஹெட்லைட் கூட்டுக்குள் சிவப்புப் பெயின்ட் செதில்கள். முன்கண்ணாடியின் இடது கீழ் மூலையில், வெளியிலிருந்து உள்ளே குழிந்த ஒரு வட்ட விரிசல். மின்கம்பம் எகிறி வந்து கண்ணாடியில் விழாது.

"இதில் வந்து விழுந்தது யாருங்க?" என்று கேட்டேன்.

அவர் அட்வைசரைப் பார்த்தார். அட்வைசர் தரையைப் பார்த்தார். கடைசியில் வியாபாரியே வாய் திறந்தார். "சார், அதெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே பேசி முடித்தாகிவிட்டது. முப்பதாயிரம் கொடுத்திருக்கிறோம். பையன் பாவம், நல்ல பையன். நீங்கள் கம்பம் என்றே எழுதிவிடுங்கள்."

சேதமும் சொல்லப்பட்ட காரணமும் பொருந்தவில்லை என்று படங்களோடு எழுதினேன். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. என்னைப் பற்றி அவர் பட்டறையில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அந்தப் பையனின் கால் முப்பதாயிரத்தில் அடங்கவில்லை. கம்பி வைத்த இடத்தில் சீழ் பிடித்து, மறுபடியும் அறுவை சிகிச்சை. வீட்டார் அதற்குப் பிறகுதான் காவல் நிலையம் போனார்கள், எஃப்ஐஆர் பதிவானபோது ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. இழப்பீட்டு வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது. நிறுவனத்தின் வக்கீல் எழுப்பிய ஆட்சேபம் எளிமையானது: இந்தக் கார் அந்த விபத்தில் சம்பந்தப்படவே இல்லை, பிற்பாடு ஜோடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு அவர் காட்டிய ஆதாரம், கார்க்காரரே கையெழுத்திட்ட மின்கம்பப் படிவம்.

அடுத்தவருக்கு நேரும் இழப்பை ஏற்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டில், சொந்த உபயோகக் காரால் அடுத்தவர் சொத்துக்கு நேரும் சேதத்துக்குத்தான் ஏழரை லட்சம் என்று வரம்பு. உயிருக்கும் உடம்புக்கும் உச்சவரம்பே இல்லை. அன்று இரவே நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால் பையனின் காலையும் காரையும் பாலிசியே பார்த்துக்கொண்டிருக்கும். வழக்கு என்று ஒன்று இருந்திருக்கும், அது மறுப்பதற்கில்லை. ஆனால் முப்பதாயிரத்தைக் கையிலிருந்து கொடுத்து, கார் பணத்தையும் இழந்து, பையனின் வழக்குக்கும் தானே முட்டுக்கட்டை ஆகியிருக்க வேண்டியதில்லை.

ஒரு காகிதம் மட்டும் யாருடைய யோசனையும் கேட்காமல் எழுதப்பட்டிருந்தது. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகல், ஏஆர் காப்பி என்பார்கள். இரவுப் பணி மருத்துவர் விசாரித்து, இரு சக்கர வாகனத்தில் போனபோது கார் மோதியதாக ஒரு வரி எழுதி நேரமும் போட்டிருந்தார். கார் எண் அதில் இல்லை. அந்த இடைவெளியை நிரப்ப, சிவப்புச் செதில்களைப் பற்றி நான் எழுதிய அறிக்கையைப் பையனின் வக்கீல் கேட்டு வாங்கினார். கிளெய்மை நிராகரிக்க நிறுவனம் பயன்படுத்திய அதே அறிக்கை. என்னைச் சாட்சியாக அழைத்து சம்மன் வந்ததும் நிறுவனத்தில் இருந்து ஒருவர் பேசினார். "நீங்கள் நம் பக்கம்தானே, சார்?"

வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு, அசல் படங்கள் இருக்கும் கோப்பைத் தேடி எடுத்து வைத்தேன்.