சியான் நாட்குறிப்பு

அக்டோபர் 16

சீனாவின் தேசிய தின விடுமுறைக் கூட்டம் வடிந்தபிறகு சியான் நகருக்கு வந்தது நல்லதாயிற்று. மதில்மேல் சைக்கிள் விட இடம் இருந்தது. தெற்கு வாசலில் ஏறினால் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது. மிங் அரசர்கள் காலத்து மதில். ஒரு சுற்று ஏறக்குறைய 14 கிலோமீட்டர். செங்கல் பாவிய தரை, விரல் நுனிவரை அதிர்கிறது. ஊரைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

அக்டோபர் 17

மெட்ரோ, அப்புறம் பஸ். சுடுமண் வீரர்கள்: சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த சிலைகள்.

1974-ல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்ணில் பட்டவை. முதல் குழியின் முன்புறம் ஒரே தள்ளுமுள்ளு, எங்கும் உயர்த்திப் பிடித்த கைப்பேசிகள். அங்கே மல்லுக்கட்டாமல் பின்பக்கம் போய்விடுங்கள். ஒட்டுவேலை நடப்பது அங்கேதான். தலையில்லாத உடல்கள், கட்டுப் போட்ட மார்புகள். முன்வரிசையில் விறைப்பாக நிற்பவர்களும் அநேகமாக இப்படி நொறுங்கிக் கிடந்தவர்கள்தாம்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மண்டியிட்ட வில்வீரன் ஒருவன். பின்னால் சுற்றிப் போய்க் குனிந்து பார்த்தேன். செருப்பின் அடியில் தையல் புள்ளிகள்! விரல் பக்கமும் குதிகால் பக்கமும் நெருக்கமாக, நடுவில் கொஞ்சம் விட்டு விட்டு. மண்ணுக்குள் புதைக்கப்போகும் சிலைக்கு இத்தனை மெனக்கெடல்.

இவர்களுக்கெல்லாம் வண்ணம் பூசியிருந்தார்கள். வெளிக்காற்று பட்டதும் அடியிலிருந்த அரக்குப் பூச்சு காய்ந்து சுருண்டு, சில நிமிடங்களில் நிறம் உதிர்ந்துவிடும். பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறை மேட்டை இன்னும் தோண்டாமல் விட்டிருப்பதற்கு இப்படிப்பட்ட பயமும் ஒரு காரணம். நியாயமான பயம்தான்.

அக்டோபர் 18

காலையில் பெரிய காட்டுவாத்துப் பகோடா என்ற பௌத்தக் கோபுரம். நம் பாடப்புத்தகத்து யுவான் சுவாங், காஞ்சிபுரம்வரை வந்து போனவர், இந்தியாவிலிருந்து கொண்டுபோன ஏடுகளைப் பாதுகாக்க 652-ல் எழுப்பியது. வாசலில் அவர் சிலை. சுற்றிலும் கடைத்தெருவும் நீரூற்றும் போட்டு திருவிழாத் திடல் ஆக்கிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று, சின்னக் காட்டுவாத்துப் பகோடாதான். மரநிழல், கூட்டம் குறைவு. 15 நிலைகளில் மேலிருந்த இரண்டு போய் 13 மட்டும் நிற்கின்றன. 1487 நிலநடுக்கத்தில் மேலிருந்து கீழாக வெடித்து, 1521-ல் வந்த இன்னொன்றில் அந்த வெடிப்பு தானாக மூடிக்கொண்டதாம். நம்புவது உங்கள் பாடு. 1556-ல் இந்த ஷான்சி மாகாணத்தையே புரட்டிப்போட்ட நிலநடுக்கத்திலும் விழாமல் நின்றிருக்கிறது.

மதியம் முஸ்லிம் தெருவில் ஆட்டுக்கறி பாவ்மோ. கெட்டியான ரொட்டியைக் கொடுத்து நம்மையே கிள்ளிப்போடச் சொல்கிறார்கள். பெரிய துண்டாக இருந்தால் சாறு இறங்காது. பக்கத்து மேசைத் தாத்தா என் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, கடுகளவு என்று விரலால் காட்டினார். அரை மணி நேரம் கிள்ளினேன். கிண்ணம் சமையலறைக்குப் போய்க் கறியும் சேமியாவும் சாறுமாகத் திரும்பியது. கூடவே இனிப்பு ஊறுகாய்ப் பூண்டு. அதை விட்டுவிடாதீர்கள்.

நாளை கல்வெட்டு அருங்காட்சியகம். கிறித்தவம் சீனாவுக்கு வந்த கதையைச் சொல்லும் 781-ஆம் ஆண்டுக் கல் அங்கே இருக்கிறது.